'தரப்பு 2' கட்டாயமா? கலைக்களஞ்சிய வகைப்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வகைப்பாட்டுக் குழுவினருக்கு,

சென்ற மாதம் நீங்கள் பதிவாளர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையை மூன்று முறை படித்தேன். 'படுகொலை', 'பொக்ரோம்' (ஒரு சிறுபான்மையினர்மேல் கும்பல் நடத்தும் தாக்குதல்), 'எழுச்சி', 'இருதரப்பு மோதல்' என்ற நான்கு துணைத் தலைப்புகளும் இனி இல்லை. எல்லா நிகழ்வுகளும் 'இனக் கலவரங்கள்' என்ற ஒரே தலைப்பின் கீழ், இறந்தோர் எண்ணிக்கை வரிசையில் நிற்கும் என்கிறது அது. காரணமாகச் சொல்லியிருப்பது ஒரே சொல்: நடுநிலை. ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பகுதிக்குப் பதிவு எழுதி வருகிறேன். எங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பதைவிட, எல்லோரும் பார்க்கும்படி உங்களுக்கே எழுதிவிடுவது முறை என்று நினைக்கிறேன். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் புதிய படிவத்திலிருந்தே தொடங்குகிறேன். அதில் ஏழு கட்டங்கள்: நாள், இடம், தரப்பு 1, தரப்பு 2, உடனடிக் காரணம், இறந்தோர், சேத மதிப்பு. ஏழும் கட்டாயம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பாக ஓர் உடுக்குறி. சுற்றறிக்கை வந்த வாரம், கிஷினேவ் பதிவைப் புதிய படிவத்துக்கு மாற்ற உட்கார்ந்தேன். 1903, ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரம், ஈஸ்டர் நாள். இரண்டு நாளில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். வீடுகளும் கடைகளும் நூற்றுக்கணக்கில் சூறையாடப்பட்டன. 'தரப்பு 1' கட்டத்தில் தாக்கியவர்களை எழுதினேன். 'தரப்பு 2' கட்டத்தில் யாரை எழுதுவது? பரண்களில் ஒளிந்திருந்தவர்களைத் 'தரப்பு' என்று எழுதக் கை வரவில்லை. காலியாக விட்டுச் சேமித்தேன். 'தரப்பு 2 நிரப்பப்படவில்லை' என்று படிவம் திருப்பியது. ஒரு சிறு கோடு போட்டுப் பார்த்தேன். அதுவும் செல்லாது என்றது. கடைசியில் 'யூதர்கள்' என்று எழுதிச் சேமித்தேன். பதிவின் தலையில் ஒரு வாக்கியம் தானாக உருவாகி வந்து நின்றது: 'உள்ளூர்க் கிறித்தவர்களுக்கும் யூதர்களுக்கும் இடையே நடந்த இனக் கலவரம்.'

அன்றிரவே அந்தப் பதிவை அழித்துவிட்டேன். உங்கள் பட்டியலில் இப்போது கிஷினேவ் இல்லை என்றால், அது தொழில்நுட்பக் கோளாறு அல்ல, என் வேலை.

படிவம் தயாரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 'இரு பிரிவினரிடையே மோதல்' என்று செய்தித்தாளில் படித்துப் படித்துப் பழகிய கை அப்படித்தான் படிவம் வரையும். எழுதுவதற்கு எளிதான வாக்கியம் அது. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், மறுப்புச் செய்தி போட வேண்டியதில்லை. கூடவே 'மர்ம நபர்கள்' தீ வைப்பார்கள், 'அசம்பாவிதம்' நடக்கும், மறுநாள் 'இயல்பு நிலை' திரும்பும். நாளிதழுக்கு அவசரம் என்ற சாக்காவது இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முன்பு நடந்ததை நிதானமாக எழுதும் நமக்கு என்ன அவசரம்?

'கலவரம்' என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். 'அவள் முகத்தில் கலவரம் தெரிந்தது' என்றும் எழுதுகிறோம், ஒரு தெருவே எரிந்து சாம்பலானதையும் கலவரம் என்கிறோம். மனம் கலங்குவதற்கும் ஊர் கலங்குவதற்கும் ஒரே சொல். அந்தச் சொல்லில் செய்தவன் இல்லை, செய்யப்பட்டவனும் இல்லை. மழை பெய்வதுபோல அது 'வெடிக்கிறது', 'மூள்கிறது', 'பரவுகிறது'. 'இனம்' என்ற முன்பாதி இன்னும் வசதியானது. தோல் நிறம், மொழி, தேசியம், சில சமயம் மதம் என்று எல்லாவற்றையும் அது தன் பைக்குள் போட்டுக்கொள்ளும். இப்படி இரண்டு நெகிழ்ந்த சொற்களை ஒட்டிச் செய்த ஒரு தலைப்பின் கீழ் உலகத்தின் முந்நூறு நிகழ்வுகளைப் போட்டு மூடினால், அதற்குப் பெயர் வகைப்பாடு அல்ல. மூட்டை கட்டுவது.

சட்டத்திலாவது வரையறை கிடைக்குமா என்று நீங்கள் பார்த்திருப்பது தெரிகிறது. சுற்றறிக்கையின் அடியில் மூன்று நாட்டுச் சட்டங்களை எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். அவை எண்ணுவது தலையை மட்டும்தான். பிரிட்டனின் 1986-ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டப்படி கலவரத்துக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். இந்தியாவில் 1860-இன் தண்டனைச் சட்டத்திலிருந்து இன்றுவரை ஐந்து பேர் போதும். அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்துக்கு மூன்று பேர் கூடினாலே போதும். யார் யாரை ஏன் தாக்கினார்கள் என்பது இந்த வரையறைகளின் கவலை அல்ல. அவை காவலருக்கு எப்போது கலைக்கலாம், எவரைப் பிடிக்கலாம் என்று சொல்வதற்காக எழுதப்பட்டவை. அவற்றைக் கலைக்களஞ்சியத்துக்கு இரவல் வாங்கியது முதல் தவறு.

இரவல்தான் வாங்க வேண்டும் என்றால் ஆய்வாளர்களிடம் வாங்கியிருக்கலாம். டொனால்ட் ஹோரோவிட்ஸ் இனக் கலவரத்தை வரையறுக்கும்போது, ஓர் இனக்குழுவின் பொதுமக்கள் இன்னோர் இனக்குழுவின் பொதுமக்களை, அவர்கள் அந்த இனக்குழுவினர் என்பதற்காகவே தேர்ந்து தாக்கும் திடீர்க் கொலைத் தாக்குதல் என்கிறார். முழுக்கத் திட்டமிடாததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். மோரிஸ் ஜனோவிட்ஸ் 1960-களின் அமெரிக்காவைப் பார்த்து இரண்டாகப் பிரித்தார்: குடியிருப்பு எல்லைகளில் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தோடு மோதுவது ஒன்று, ஒரு குடியிருப்புக்குள்ளேயே கடைகளும் உடைமைகளும் காவல்துறையும் இலக்காவது மற்றொன்று. 1919-இன் சிகாகோ முதல் வகை. ஏரிக்கரையில் கறுப்பினச் சிறுவன் ஒருவன் நீரில் கல்லெறிபட்டு மூழ்கி இறந்ததில் தொடங்கி, 23 கறுப்பினத்தவரும் 15 வெள்ளையரும் மாண்டார்கள். 1965-இல் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் என்ற கறுப்பினக் குடியிருப்பில் நடந்தது இரண்டாம் வகை. 34 பேர் இறந்த அந்த நாட்களை அங்கே வாழ்ந்தவர்களில் பலர் 'எழுச்சி' என்றே இன்றும் சொல்கிறார்கள். 1857-ஐச் சிப்பாய்க் கலகம் என்பதா, முதல் சுதந்திரப் போர் என்பதா என்று பள்ளிக்கூடத்திலேயே சண்டை போட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டுமா?

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. உங்கள் ஏழு கட்டங்களிலும் அரசு இல்லை. காவல்துறை என்ன செய்தது, இராணுவம் எங்கே நின்றது, ஆட்சி என்ன சொன்னது என்று எழுத ஓர் இடம் கிடையாது. வகையைத் தீர்மானிப்பதே அதுதான்.

1943-இல் டெட்ராய்ட்டில் 34 பேர் இறந்தார்கள். அதில் 25 பேர் கறுப்பினத்தவர். அந்த 25-இல் 17 பேரைக் கொன்றது காவல்துறை. காவல்துறையின் குண்டில் ஒரு வெள்ளையர்கூடச் சாகவில்லை. உங்கள் படிவத்தில் இது 'தரப்பு 1: வெள்ளையர், தரப்பு 2: கறுப்பினத்தவர், இறந்தோர்: 34' என்று முடிந்துவிடும். 1898 நவம்பரில் வடக்குக் கரோலினாவின் வில்மிங்டனில், மக்கள் தேர்ந்தெடுத்த நகர ஆட்சியை ஆயுதக் கும்பல் துப்பாக்கி முனையில் விலக வைத்து, கறுப்பின நாளிதழின் அலுவலகத்தைக் கொளுத்தி, அன்றைக்கே தன் ஆட்களைப் பதவியில் உட்கார வைத்தது. ஒரு நூற்றாண்டு காலம் அதற்கும் பெயர் 'இனக் கலவரம்'. ஆட்சிக் கவிழ்ப்பு என்று சொல்ல வேண்டியதை அந்தப் பெயர் எத்தனை காலம் மறைத்து வைத்தது, பாருங்கள்.

இலங்கையின் 1983 ஜூலையைத் தமிழர் 'ஆடிக் கலவரம்' என்றும் சொல்கிறார்கள், 'கறுப்பு ஜூலை' என்றும் சொல்கிறார்கள். முதற்பெயரை நானே பல காலம் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடிப் போனதைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வாக்காளர் பட்டியல் தெருவில் கிடக்கும் கல் அல்ல, ஆத்திரத்தில் குனிந்து எடுத்துக்கொள்ள. அதே வாரம் வெலிக்கடைச் சிறையில் 25-ஆம் தேதி 35 தமிழ்க் கைதிகளும், ஒரு நாள் விட்டு 27-ஆம் தேதி 18 பேரும் கொல்லப்பட்டார்கள். அரசின் பூட்டுக்குள், அரசின் காவலில், இரண்டு முறை. இங்கே எது தரப்பு 1, எது தரப்பு 2?

'உடனடிக் காரணம்' என்ற கட்டம் இதைவிட மோசமானது. அது நம்மை அறியாமலே நம்மைப் பொய்ச்சாட்சி ஆக்குகிறது. கிஷினேவுக்கு அதில் என்ன எழுதுவது? ஒரு கிறித்தவச் சிறுவனை யூதர்கள் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகை கிளப்பிய புரளி. அந்தச் சிறுவனைக் கொன்றது அவன் உறவினரே. 1955 செப்டம்பரில் இஸ்தான்புல்லின் கிரேக்கர்கள்மேல் கும்பல் பாய்ந்ததற்கு, தெசலோனிக்கியில் துருக்கித் துணைத் தூதரக வளாகத்தில் வெடித்த குண்டு காரணமாகச் சொல்லப்பட்டது. அதை வைத்ததில் துருக்கியர் கையே இருந்தது பிறகு தெரிந்தது. 2024 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் குழந்தைகளைக் குத்தியவன் அடைக்கலம் தேடி வந்த முஸ்லிம் என்று பரவியது; அவன் பிறந்தது பிரிட்டனிலேயே. மறுநாள் பள்ளிவாசல்மேல் கல் விழுந்தது. புரளியை எடுத்து 'காரணம்' என்ற கட்டத்தில் உட்கார வைத்தால், அதை முதலில் பரப்பியவன் விரும்பியதை நாம் நிரந்தரமாகச் செய்து கொடுக்கிறோம். அது சாக்கு. காரணம் வேறு.

இறந்தோர் வரிசை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் என் தவறும் உண்டு. 1949 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தியர்கள்மீது ஆப்பிரிக்கர்கள் நடத்திய தாக்குதலைப் பற்றிய பதிவு என்னுடையது. இறந்தவர்கள் 142 பேர்: 87 ஆப்பிரிக்கர், 50 இந்தியர், ஒரு வெள்ளையர், அடையாளம் தெரியாத நால்வர். எண்களைப் பார்த்தவுடன் 'இருதரப்பு மோதல்' என்று வகைப்படுத்திவிட்டேன். இறந்தவர் அதிகம் எந்தப் பக்கம் என்று பார்த்து யார் தாக்கியது என்று முடிவு கட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும் என்று ஒரு வாசகர் எழுதினார். ஆப்பிரிக்கர்களில் பலர் இறந்தது இந்தியர் கையால் அல்ல, காவல்துறையும் இராணுவமும் சுட்டதில். அந்த இரண்டு இனத்தையும் ஒரே நகரத்தின் நெரிசலான மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்து வைத்த வெள்ளையர் ஆட்சி என் பதிவில் எங்கும் இல்லவே இல்லை. திருத்தினேன், ஆனால் ஐந்து மாதம் அந்தத் தவறு அங்கேயே கிடந்தது. இந்தோனேசியாவில் 1998 மே மாதம் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இலக்கு சீன வம்சாவளியினர். எரியும் வணிக வளாகங்களுக்குள் சிக்கி இறந்தவர்களில் மிகப் பலர் அவர்கள் அல்லர். ஆஸ்திரேலியாவின் கிரனல்லாவில் 2005 டிசம்பரில் சுமார் 5,000 பேர் திரண்டு மத்தியக் கிழக்குத் தோற்றம் கொண்டவர்களைத் தேடித் தேடி அடித்தார்கள், யாரும் சாகவில்லை. உங்கள் வரிசையில் அது கடைசி. இனத்தைக் குறிவைத்தது என்ற அளவில், நம் தலைப்புக்கு அதைவிடப் பொருத்தமான நிகழ்வு அதிகம் இல்லை.

சேத மதிப்புக்கும் இதே கதிதான். 1967-இன் டெட்ராய்ட் சேதம் 20 கோடி முதல் 50 கோடி டாலர் என்று பத்திரிகைகள் முதலில் எழுதின. அந்த ஆண்டின் வன்முறைகளை ஆராய அமெரிக்க அரசு அமைத்த கெர்னர் ஆணையம் விசாரித்தபோது மிக உயர்ந்த மதிப்பீடே 4.5 கோடிதான். அந்த ஆணையம் அந்த ஆண்டின் 164 நிகழ்வுகளைப் பெரியவை 8, தீவிரமானவை 33, சிறியவை 123 என்று பிரித்தது. தீயின் பரப்பு, நீடித்த நாட்கள், கூட்டத்தின் அளவு, எந்தப் படை வரவழைக்கப்பட்டது என்று பல அளவுகோல்களை ஒன்றாக வைத்துப் பிரித்தது. பிணக்கணக்கை மட்டும் வைத்து அல்ல.

பெயரில் என்ன இருக்கிறது என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் கேட்டதாக அறிந்தேன். பணம் இருக்கிறது, ஐயா. 1921 மே 31 இரவும் ஜூன் 1-உம் ஒக்லஹோமாவின் டல்சா நகரில் கிரீன்வுட் என்ற கறுப்பினக் குடியிருப்பு அழிக்கப்பட்டது. செஞ்சிலுவைச் சங்கக் கணக்கில் எரிந்த வீடுகள் மட்டும் 1,256. நகரக் காவல்துறை வெள்ளையர்களைத் துணைக் காவலர்களாக்கித் துப்பாக்கியோடு அனுப்பியது. பிறகு கூடிய நடுவர் குழு பழியைக் கறுப்பினத்தவர் மேலேயே போட்டது. காப்பீட்டு ஒப்பந்தங்களில் ஒரு வரி இருந்தது: கலவரத்தால் நேரும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல. கிரீன்வுட்டில் திரையரங்கு வைத்திருந்த ஒருவர் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார். 1926-இல் ஒக்லஹோமா உச்ச நீதிமன்றம் நடந்தது கலவரமே என்று சொல்லி அவருக்கு ஒன்றும் இல்லை என்றது. ஒரு சொல், ஒரு ஊரின் கூரைகளை எல்லாம் கணக்கிலிருந்து தள்ளியது. 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதரின் கடைகளும் தொழுகைக் கூடங்களும் நொறுக்கப்பட்டபின், காப்பீட்டுப் பணத்தை அரசே பறித்துக்கொண்டு, அதற்கு மேல் யூதர்கள்மீதே நூறு கோடி ரைஷ்மார்க் அபராதம் விதித்தது. அடி வாங்கியவனைத் 'தரப்பு' ஆக்கினால் அடுத்த படி அதுதான்.

டல்சாவின் நூற்றாண்டு நினைவுக்காக அமைந்த குழுவே 2018-இல் தன் பெயரில் 'கலவரம்' என்பதை எடுத்துவிட்டுப் 'படுகொலை' என்று மாற்றிக்கொண்டது. ஊரே திருத்திக்கொண்ட பெயரை நாம் நடுநிலை என்று சொல்லிப் பழையபடி மாற்றுகிறோம். (டல்சா எரிந்து சரியாக அறுபது ஆண்டு கழித்து, 1981-இல் அதே மே 31 இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது, 97,000 நூல்கள். இரண்டு பதிவையும் எழுதியவன் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதி எனக்கு உறைக்கிறது. வகைப்பாட்டுக்கு இதில் ஒன்றும் இல்லை.)

மறுபக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. பதிவாளர்களில் சிலர் எல்லாவற்றையும் 'இனப்படுகொலை' என்று எழுதிவிடுகிறார்கள். 1948-இன் ஐ.நா. உடன்படிக்கை அந்தச் சொல்லுக்கு, ஒரு குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் உள்நோக்கம் வேண்டும் என்று கட்டியிருக்கிறது. அதைக் காட்டாமல் சொல்லை மட்டும் எடுத்தாள்வது சரியல்ல. 2013-இல் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் பேருந்து மோதித் தொழிலாளி ஒருவர் இறந்ததும் மூண்ட வன்முறையை மூன்று முறை இந்தப் பட்டியலிலிருந்து நீக்கினேன், மூன்று முறையும் யாரோ திரும்பச் சேர்த்தார்கள். கூடியவர்கள் தெற்காசியத் தொழிலாளர்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே எந்த இனமும் இலக்கு அல்ல. பேருந்தும் காவல், மீட்பு வண்டிகளும் தாக்கப்பட்டன. கூடியவர் இனம் ஒன்றாக இருந்தால் மட்டும் அது இனக் கலவரம் ஆகாது. 1992-இன் லாஸ் ஏஞ்சலிஸ் வன்முறை எந்தக் கட்டத்திலும் அடங்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கறுப்பினத்தவரில் பலருக்கு அது எழுச்சி; இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை இழந்த கொரியர்கள் அதை 'சா-இ-கு' என்கிறார்கள். நான்கு, இரண்டு, ஒன்பது: ஏப்ரல் 29. அவ்வளவுதான், வெறும் தேதி. எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது.

பெயரில் நீதி இல்லாமல் போவதற்கு இன்னும் ஓர் எடுத்துக்காட்டு: 1943 ஜூனில் அதே லாஸ் ஏஞ்சலிஸில் கடற்படை வீரர்கள் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களைத் தெருவில் மறித்து, அடித்து, உடையைக் கிழித்தார்கள். அதன் பெயர் இன்றுவரை 'ஜூட் சூட் கலவரம்'; ஜூட் சூட் என்பது அந்த இளைஞர்கள் அணிந்த தொளதொள உடை. அடித்தவர்களின் சீருடை அல்ல, அடிபட்டவர்களின் உடைதான் பெயராகி நிற்கிறது.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

சுற்றறிக்கையை உடனே நிறுத்தி வையுங்கள். நான்கு துணைத் தலைப்புகளும் குறையுள்ளவைதாம்; திருத்துங்கள், ஒழிக்காதீர்கள். ஒரு நிகழ்வு இரண்டு தலைப்பில் வரலாம் என்று அனுமதியுங்கள். ஆட்சிக் கவிழ்ப்புக்கும் ஒரு தலைப்பு சேருங்கள்.

படிவத்தில் 'தரப்பு 1, தரப்பு 2' என்பதை எடுத்துவிட்டு 'தாக்கியவர்', 'தாக்கப்பட்டவர்' என்று போடுங்கள். உண்மையாகவே இருபுறமும் தாக்கிக்கொண்ட இடத்தில் இரண்டு கட்டத்திலும் இருவரையும் எழுதிக்கொள்கிறோம். 'அரசின் பங்கு' என்று ஒரு கட்டம் சேர்த்து, அதை மட்டும் கட்டாயமாக்குங்கள். 'உடனடிக் காரணம்' என்பதை 'சொல்லப்பட்ட சாக்கு' என்றும் 'பின்புலம்' என்றும் இரண்டாகப் பிரியுங்கள். சாக்கு பொய் என்று நிறுவப்பட்டிருந்தால் அதே கட்டத்தில், அதே எழுத்தளவில் அதைச் சொல்ல வேண்டும்.

பட்டியல் காலவரிசையில் இருக்கட்டும். இறந்தோர் எண்ணிக்கை அரசு சொன்னது எது, பிறர் மதிப்பிட்டது எது என்று பிரித்து வரட்டும். கோலாலம்பூரில் மலாய்க்காரர், சீனர் இடையே 1969 மே 13-இல் தொடங்கிய வன்முறைக்கு 196 என்பது அதிகாரபூர்வ எண் என்று எழுதுவதற்கும், 196 பேர் இறந்தார்கள் என்று எழுதுவதற்கும் தூரம் உண்டு. ஒவ்வொரு பதிவிலும், பாதிக்கப்பட்ட மக்கள் அந்த நிகழ்வை எந்தப் பெயரில் அழைக்கிறார்கள் என்பது முதல் பத்தியிலேயே இடம்பெற வேண்டும். அந்தப் பெயரை நாம் தலைப்பாக ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. வாசகர் கண்ணில் படவேண்டும் என்கிறேன்.

வகை மாற்றும் முடிவை இனிமேல் எடுக்கும்போது, அந்தப் பதிவை எழுதியவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் மேசையில் பதினான்கு பதிவுகள் முடிந்து கிடக்கின்றன. 'தரப்பு 2' கட்டத்தின் பக்கத்திலிருக்கும் சிவப்புக் குறி போகும்வரை அவற்றை அனுப்ப மாட்டேன். அது போன அன்றைக்கே முதலில் வருவது கிஷினேவ்.

இப்படிக்கு,
பதிவாளர் ஒருவர்